“ஒரு மாதிரி இருக்காங்க, சார்”

என் சித்திக்கு வேர்த்துக் கொட்டுவதை முதலில் கவனித்தது அவருடைய மருமகள். சித்திரை மாதம், மின்விசிறி மட்டும் சுற்றும் வார்டு, வேர்ப்பது அதிசயமில்லை. ஆனால் கேட்டதற்குச் சித்தி பதில் சொல்லவில்லை, பார்வை எங்கோ நிலைகுத்தி நின்றது. மருமகள் நர்ஸ் மேசைக்கு ஓடி, “சிஸ்டர், அத்தை ஒரு மாதிரி இருக்காங்க” என்றாள். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்: “சார், பதினாலாம் பெட் அம்மா ஒரு மாதிரி இருக்காங்க.” மறுமுனையில் டியூட்டி டாக்டர் வேறொரு நோயாளியிடம் இருந்திருக்க வேண்டும். “பி.பி. பாருங்க, வர்றேன்” என்றார். பி.பி. சரியாக இருந்தது. அவர் வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 42.

காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அன்று காலை வயிற்று ஸ்கேன். வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். சொன்னது இரவு ஷிஃப்ட். காலை ஷிஃப்டுக்கு வந்தவர் கேஸ் ஷீட்டில் இருந்தபடி, நேரம் தவறாமல், இன்சுலின் போட்டிருக்கிறார். சாப்பாட்டை நிறுத்தியவர் செய்தது சரி. ஊசி போட்டவர் செய்ததும் சரி. ஒருவருக்கு ஒருவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். குளுக்கோஸ் ஏறியதும் சித்தி கண் திறந்து, “காப்பி குடிக்கலாமா?” என்று கேட்டார். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே இருந்த யாரும் சோம்பேறியும் இல்லை, கெட்டவரும் இல்லை.

அந்த ‘ஒரு மாதிரி’ என்னை விடவில்லை. மருமகளிடமிருந்து நர்ஸுக்கு, நர்ஸிடமிருந்து டாக்டருக்கு, மாறாமல் அப்படியே போய்ச் சேர்ந்த ஒரே தகவல் அதுதான். நம் ஊர் வார்டுகளில் இதைவிட அதிகம் புழங்கும் நோய்க்குறி வேறு இருக்குமா தெரியவில்லை. மருத்துவமனைப் பணியாளர்களுக்குக் கூட்டுப் பணியிலும் தகவல் பரிமாற்றத்திலும் பயிற்சி தருவது இன்று உலகம் முழுக்கப் பெரிய இயக்கம். செப்டம்பர் 17-ஐ உலக நோயாளி பாதுகாப்பு நாளாக 2019 முதல் கொண்டாடுகிறார்கள். அந்தப் பயிற்சிகள் உண்மையிலேயே உயிர் காக்கின்றனவா, காத்தால் எப்போது, நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் அதற்கு என்ன இடம் என்று தேடிப் பார்த்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

ஒரு வேடிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். மருத்துவ உலகம் இந்தப் பயிற்சியைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. விமானத் துறையிடமிருந்தும், நீர்மூழ்கிக் கப்பல், அணுமின் நிலையம் போன்ற இடங்களிலிருந்தும் கடன் வாங்கியது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே திரிசூலத்தில் சென்னை விமான நிலையம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம். அங்கே விமானிகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இருக்கிறது. தெற்கே கடலோரம், மாமல்லபுரத்தைத் தாண்டினால் கல்பாக்கம். 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கிய அணுமின் நிலையம். நடுவே ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி தொடங்கியது 1965-இல். பொத்தேரி, கேளம்பாக்கம், ரத்தினமங்கலம், சின்னகொளம்பாக்கம், மேல்மருவத்தூர் என்று சுற்றிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். கடன் கொடுத்த தொழிலும் வாங்கிய தொழிலும் ஒரே கலெக்டர் எல்லைக்குள் இருக்கின்றன.

அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறைகளில் உலகெங்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் உத்தரவு சொல்வார். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். முதலாமவர் “சரி” என்ற பிறகுதான் கை வால்வுக்குப் போகும். வெளியாளுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். விமானத்திலும் அதே. அங்கே பதினைந்தை ‘ஃபிஃப்டீன்’ என்றும் ஐம்பதை ‘ஃபிஃப்டி’ என்றும் சொல்வதில்லை. ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று எண் எண்ணாக உடைப்பார்கள். மருந்து அளவில் இந்த இரண்டும் குழம்பி நடக்கும் தவறு ஆங்கிலத்தில் ஆர்டர் சொல்லும் எல்லா ஊருக்கும் பொது. தமிழில் பதினஞ்சும் அம்பதும் குழம்ப வழியில்லை. ஆனால் நாம் அளவுகளை மட்டும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம்.

விமானிகள் இதை ஞானத்தால் கற்றுக்கொள்ளவில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். அதன் விளம்பரங்களில் முகம் வந்தவர். எதிர் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று பின்னால் இருந்த பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். கேப்டன் அடித்துச் சொன்னார், விலகிவிட்டது என்று. பொறியாளர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், சக்கரப் பிரச்சினையில் கேப்டன் மூழ்கியிருக்க, எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைச் சக ஊழியர்கள் அழுத்தமாகச் சொல்லாமல் ஒரு விமானம் விழுந்தது. 1979-இல் நாசா கூட்டிய பட்டறையிலிருந்து விமானிக் குழுவுக்கான கூட்டுப் பயிற்சி என்ற துறையே பிறந்தது.

மருத்துவத்துக்கு அது வர இன்னும் இருபது ஆண்டு ஆனது. 1999-இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட அறிக்கை, தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று மதிப்பிட்டது. எண்ணிக்கையைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறார்கள். என் மனதில் நின்றது எண் அல்ல, இங்கிலாந்தில் 2005-இல் இறந்த எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண்ணின் கதை. சைனஸுக்கு ஒரு சாதாரண அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாயில் குழாய் இறங்கவில்லை. அனுபவசாலிகளான மூன்று மருத்துவர்கள் திரும்பத் திரும்ப அதையே முயன்றார்கள். ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான்தான் மிகைப்படுத்துகிறோமோ என்று அதை ரத்தும் செய்தார். செய்ய வேண்டியது என்னவென்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எலைனின் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை அவர். எங்கள் தொழிலில் இதை விசாரிப்பதுபோல் விசாரியுங்கள் என்று மட்டும் கேட்டு, பிறகு அதற்காகவே ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

இந்தப் பாதையில் வந்த பாடத்திட்டங்களில் பெயர்பெற்றது ‘டீம்ஸ்டெப்ஸ்’. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் சுகாதார ஆய்வு முகமையும் சேர்ந்து 2006-இல் வெளியிட்டது. இன்னொன்று ‘எஸ்பார்’ என்ற நாலு வரிச் சட்டகம்: என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல்காரர்களிடமிருந்து வந்தது. சித்தி விஷயத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். “சார், மெடிக்கல் வார்டு சிஸ்டர் பேசறேன். பதினாலாம் பெட், 61 வயசு அம்மா, திடீர்னு வேர்த்து, கூப்பிட்டா பதில் இல்லை. சுகர் பேஷண்ட், ஏழு மணிக்கு இன்சுலின் போட்டிருக்கு, ஸ்கேனுக்காக எதுவும் சாப்பிடலை. சுகர் இறங்கியிருக்கும்னு நினைக்கிறேன். பாத்துட்டு டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தட்டுமா? நீங்க உடனே வரணும்.” பேசிப் பாருங்கள், அரை நிமிடம் கூட ஆகாது.

இதில் கஷ்டமான இடம் எது என்று சில நர்ஸ்களிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே சொல்லில் நின்றார்கள்: ‘நினைக்கிறேன்’. நோயாளியின் நிலையைச் சொல்லலாம், பழைய விவரம் சொல்லலாம். நோய் என்னவென்று நான் நினைக்கிறேன் என்று சொன்னால், “நீ டாக்டரா?” என்ற கேள்வி வரும், வராவிட்டாலும் வரும் என்ற பயம் இருக்கும். அதனால்தான் ‘ஒரு மாதிரி’ பிறக்கிறது. அது அறியாமை இல்லை. ஆபத்து என்று தெரிவிக்கவும் வேண்டும், ஆனால் தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளவும் கூடாது. இரண்டையும் ஒரே சொல்லில் செய்யும் சாமர்த்தியம் அது. “ஒரு தடவை வந்து பாத்துடுறீங்களா சார்” என்பதும் இதே குடும்பம். ‘உடனே வாங்க’ என்பதன் மரியாதை வடிவம் அது என்று அனுபவமுள்ள டாக்டர் புரிந்துகொள்வார். முதல் மாதத்து ஹவுஸ் சர்ஜன் புரிந்துகொள்ள மாட்டார்.

சரி, பயிற்சி கொடுத்தால் மாறுகிறதா? ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் தலை சுற்றும். ஒன்று ஆமாம் என்கிறது, அடுத்தது இல்லை என்கிறது. பிரசவ அறையையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு: 15 மருத்துவமனைகள், 1,307 பணியாளர்களுக்கு விமானத்துறை பாணியில் கூட்டுப் பயிற்சி, 28,536 பிரசவங்கள். தாய்க்கும் சேய்க்கும் நேர்ந்த பாதிப்புகளில் பயிற்சி பெற்ற இடத்துக்கும் பெறாத இடத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஒன்று மட்டும் மாறியிருந்தது. அவசர சிசேரியன் என்று முடிவெடுத்ததிலிருந்து கத்தி வைக்கும் வரை ஆகும் நேரம், மற்ற இடங்களில் 33 நிமிடம். பயிற்சி பெற்ற இடங்களில் 21. கூட்டுப் பணி கண்ணுக்குத் தெரிந்தது அந்த 12 நிமிடத்தில் மட்டும்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உள்ள சவுத்மீட் மருத்துவமனையில் வேறு விதமாகச் செய்தார்கள். குழந்தையின் தலை வந்து தோள் சிக்கிக்கொள்ளும் அவசரநிலைக்குப் பயிற்சி. ஓட்டல் அரங்கு இல்லை, வெளியூர் வல்லுநர் இல்லை. தங்கள் பிரசவ அறையிலேயே, மருத்துவச்சி, மயக்க மருத்துவர், மூத்த மகப்பேறு மருத்துவர் என எல்லோரும் ஒன்றாக, ஒவ்வோர் ஆண்டும். தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். அமெரிக்கப் பயிற்சி பொதுவாக நன்றாகப் பேசக் கற்றுத் தந்தது. பிரிஸ்டலில், இந்தச் சிக்கல் வந்தால் நீ எங்கே நிற்பாய், யாரைக் கூப்பிடுவாய், கை எங்கே போகும், என்ன வார்த்தை சொல்வாய் என்று பழக்கினார்கள். என் பார்வையில் இந்தத் துறையின் பாதிக் குழப்பம் இந்த வித்தியாசத்தில் தீர்ந்துவிடுகிறது.

அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலின் கதையும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியல் அது. தியேட்டரில் இருப்பவர்கள் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகமாகிக்கொள்வதும் அதில் ஓர் அம்சம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் மருத்துவர் அதுல் கவாண்டே குழு சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளின் கணக்கை 2014-இல் பார்த்தால் இறப்பு 0.71-லிருந்து 0.65, அதாவது சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. கட்டாயம் என்றதும் காகிதத்தில் டிக் விழுகிறது. நமக்குத் தெரியாததா? அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பட்டியலோடு குழுப் பயிற்சியையும் சேர்த்து, தியேட்டரை மூடிவிட்டு எல்லோரையும் உட்காரவைத்து, பிறகு ஓராண்டு தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். பயிற்சி முடித்த 74 இடங்களில் இறப்பு 18 சதவீதம் குறைந்தது. முடிக்காத 34 இடங்களில் 7 சதவீதம். இது 2010-இல் வந்தது.

நம் நாட்டிலேயே கிடைத்த சான்று உத்தரப் பிரதேசத்திலிருந்து. 24 மாவட்டங்கள், 120 சுகாதார நிலையங்கள். பாதுகாப்பான பிரசவப் பட்டியலோடு, பக்கத்தில் நின்று சொல்லித்தரும் பயிற்றுநர்களையும் அனுப்பினார்கள். இரண்டாம் மாதத்தில், செய்ய வேண்டிய 18 நடைமுறைகளில் 73 சதவீதம் நடந்தது. பயிற்றுநர் போகாத இடங்களில் 42. பயிற்றுநர்கள் விலகிய பிறகு, பன்னிரண்டாம் மாதம் பார்த்தால் 62-க்கு இறங்கியிருந்தது. தாய், சேய் இறப்பிலோ கடும் பாதிப்பிலோ மாற்றமில்லை. 2017-இல் இது வெளியானபோது பலருக்கு ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையைக் கழுவு என்று நினைவூட்டலாம்; சிக்கல் வந்தால் அனுப்ப ரத்தமும் மயக்க மருத்துவரும் இருக்கும் இடம் ஒரு மணி தூரத்தில் இல்லையென்றால் நினைவூட்டி என்ன பயன்?

தமிழ்நாடு அந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. 2018–20 கணக்கில் இந்தியாவின் தாய் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 97, தமிழ்நாட்டில் 54. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத ஒன்று, ஒவ்வொரு தாய் இறப்பையும் மாவட்ட அளவில் உட்கார்ந்து விசாரிக்கும் பழக்கம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அனுப்பிய இடம், ஏற்றுக்கொண்ட இடம் எல்லோரும் ஒரே மேசையில். எப்போது கூப்பிட்டீர்கள், யார் போனை எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நேரவாரியாகக் கேள்வி. தகவல் பரிமாற்றப் பயிற்சி என்ற பெயர் இல்லாமல் நடந்த தகவல் பரிமாற்றப் பயிற்சி இது. ஆனால் அதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. அந்த மேசைக்குப் போய் வந்த டாக்டர்களிடம் பேசினால், கற்றுக்கொண்டதைவிட வாங்கிக்கட்டிக்கொண்டதைத்தான் அதிகம் சொல்வார்கள். விளைவு: கொஞ்சம் சந்தேகம் என்றாலும் “ரெஃபர் பண்ணிடு”. மதுராந்தகத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ பார்க்கக்கூடிய நோயாளியும் செங்கல்பட்டு ஜி.எச். வாசலில் வந்து இறங்குகிறார்.

விபத்துச் சிகிச்சையில் இந்த மாவட்டத்துக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. 2022-இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. இறந்தவர்கள் 17,884. ஜி.எஸ்.டி. சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் தங்கள் பங்கைத் தவறாமல் அனுப்புகின்றன. மாமல்லபுரத்துக்குப் போகும் சனிக்கிழமைக் கூட்டம் அதில் தனிக்கணக்கு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிவைத்தது மேல்மருவத்தூரில். அதற்கு முன்பே வந்தது ‘டி.ஏ.இ.ஐ.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் விபத்து, அவசர சிகிச்சை முன்னெடுப்பு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வந்தவுடன் பிரிப்பது, 108 வண்டி வருவதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தகவல் சொல்வது, இவை அதன் உயிர்நாடி.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய 108-இல் ஓட்டுநரின் பதவிப்பெயர் ‘பைலட்’. பெயர் வைத்தவருக்கு விமானக் குழுப் பயிற்சியின் வரலாறு தெரிந்திருக்குமோ என்னவோ. பைலட்டும் மருத்துவ உதவியாளரும் இருவர் கொண்ட குழு. அவர்கள் போனில் சொல்வதைக் கேட்டு ரத்தம், ஸ்கேன், சர்ஜன் எல்லாம் தயாராக இருந்தால் நோயாளிக்குப் பத்து நிமிடம் மிச்சம். சொல்லும் பக்கத்துக்குப் பயிற்சி இருக்கிறது. எடுக்கும் பக்கம் யார்? அந்த ஷிஃப்டில் போனுக்குப் பக்கத்தில் நிற்பவர். அவர் எழுதிக்கொண்டது யாரிடம் போகிறது என்பதில்தான் மீதி எல்லாம். மாரடைப்புக்காகத் தமிழ்நாட்டில் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் குழு சின்ன மருத்துவமனைகளையும் பெரிய மையங்களையும் வலையாகக் கோர்த்து 2,420 நோயாளிகளிடம் செய்த சோதனையில், ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். ஈ.சி.ஜி. இங்கே எடுத்தவுடன் அங்கே ஒருவர் பார்த்தாக வேண்டும் என்று ஏற்பாடு இருந்ததே அதன் சாரம்.

ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2018 டிசம்பர் சாத்தூர் சாட்சி. கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே ஒரு பரிசோதனையில் தெரிந்திருந்தும் அது அவருக்கே சொல்லப்படவில்லை. அவரோ நல்லது செய்வதாக நினைத்து மறுபடியும் ரத்தம் கொடுத்தார். பிறகு உண்மை தெரிந்து தானே போய்ச் சொன்னவரும் அவர்தான். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததை நோயாளி சொன்னார்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு மறக்காத இரவு 2021 மே 4. கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததாக உறவினர்கள் சொன்னார்கள். தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். அந்த வழக்கை இங்கே தீர்ப்பதற்கு எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஆக்சிஜன் என்பது டாங்கியில் தொடங்கி மூக்கில் முடியும் ஒரு சங்கிலி. அதில் டெக்னீஷியன், வார்டு நர்ஸ், நிலைய மருத்துவ அலுவலர், லாரி அனுப்பும் நிறுவனம், மாவட்ட நிர்வாகம் எல்லோரும் கண்ணிகள். அழுத்தமானியின் முள் இறங்கினால் முதலில் பார்ப்பது அநேகமாக அங்கே குறைந்த சம்பளம் வாங்குபவர். அவர் நடுஇரவில் யாரை எழுப்பலாம் என்பது எழுதியிருக்க வேண்டும். எழுப்பினால் திட்டு விழாது என்பது எழுதாமலே தெரிந்திருக்க வேண்டும். அந்த அலையின்போது சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் கட்டளை மையம் இயங்கியது.

இதுவரை சொன்னதில் மேல்நாட்டுப் பாடத்திட்டத்தில் சரியாக அடங்காத ஓர் ஆள் உண்டு. நம் மருத்துவமனையில் ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவது யார்? ரிப்போர்ட்டை வாங்கி வருவது யார்? ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது, சீட்டோடு மருந்துக் கவுண்டரில் நிற்பது, “எக்ஸ்ரே ரூம்ல நாளைக்கு வரச் சொல்றாங்க சார்” என்று டாக்டரிடம் செய்தி சொல்வது? உடன் இருக்கும் அட்டெண்டர்தான். செய்யூரிலிருந்து வந்த விவசாயி, கோவளத்து மீனவர், மறைமலைநகர் தொழிற்சாலைக்கு வந்த ஒடிசா இளைஞர். மருத்துவமனையின் தகவல் பாதி இவர்கள் காலில் ஓடுகிறது. இவர்களுக்கு யாரும் பயிற்சி தருவதில்லை. சத்தம் போடாதே என்பதைத் தவிர எதையும் சொல்வதுமில்லை. சித்தியின் சர்க்கரை இறங்கியதைக் கண்டுபிடித்தவள் மருமகள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அவளிடம் “என்ன மாதிரி? பேசுறாங்களா? சாப்பிட்டாங்களா?” என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

பயிற்சி யாருக்கு என்பதில்தான் எனக்கு மனக்குறை. எம்.பி.பி.எஸ். பாடத்தில் 2019 முதல் பண்பு, அறம், தகவல் தொடர்பு என்று தனிப் பகுதி வந்திருக்கிறது, நல்லது. அதே வளாகத்தில் நர்சிங் மாணவிகள் படிக்கிறார்கள். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்த வகுப்பைக் கேட்பது அபூர்வம். மருத்துவமனைகளில் தரச்சான்று ஆய்வு நெருங்கும்போது பயிற்சி நடக்கும். நர்ஸ்கள், டெக்னீஷியன்கள், ஹவுஸ் சர்ஜன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகைப் பதிவேடு, குரூப் போட்டோ, டீ, பிஸ்கட். சீஃப் வந்து குத்துவிளக்கு ஏற்றிவிட்டு ரவுண்ட்ஸுக்குப் போய்விடுவார். டெனெரிஃப் கேப்டன் அறையை விட்டு வெளியே போய்விட்டார். பொறியாளருக்கு மட்டும் தைரியமாகப் பேசப் பாடம் நடக்கிறது.

இதில் வேலையின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்தும் தொகுப்பூதியத்தில் இருக்கும் நர்ஸ்கள் 2017 நவம்பரில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். நிரந்தரம் எப்போது என்று தெரியாத ஒருவரிடம், மூத்த மருத்துவரின் ஆர்டரைத் தடுத்துக் கேள் என்று பயிற்சி சொல்கிறது. வேலை நேரமும் இதில் சேரும். ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் பணி ஒப்படைப்புக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒன்பது மருத்துவமனைகளில் 10,740 நோயாளி அனுமதிகளில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததை 2014-இல் காட்டியது. ஒப்படைப்பு நேரமும் நீளவில்லை. ஆனால் அங்கே ஒப்படைக்கும் நேரம் வேலை நேரத்துக்குள் இருக்கிறது. இங்கே இரவு ஷிஃப்ட் முடித்தவர் தாம்பரம் போகும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டே, “பத்து ஓகே, பதினொண்ணு டிஸ்சார்ஜ், பன்னெண்டுல டிரிப் ஓடுது” என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஷிஃப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கால் மணி நேரம் படிந்தால் போதும், அதற்கு எந்த வல்லுநரும் வேண்டாம். அந்தக் கால் மணிக்கும் சம்பளம் உண்டு என்று ஓர் உத்தரவு வேண்டும்.

என்னைக் கேட்டால், செங்கல்பட்டில் இதைத் தொடங்க வேண்டிய இடம் பிரசவ வார்டோ விபத்துப் பிரிவோதான். அரங்கம் வேண்டாம், அந்த வார்டிலேயே, மாதம் ஒரு முறை, அரை மணி. பொம்மையைப் படுக்கவைத்து ரத்தப்போக்கு என்று வைத்துக்கொண்டு, சீஃப் வேண்டுமென்றே ஒரு தப்பான மருந்து அளவைச் சொல்ல வேண்டும். யாராவது தடுக்கும்வரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தடுத்தவருக்கு அவர் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து ஒரு விமானப் பயிற்றுநரையும் கல்பாக்கத்திலிருந்து ஒரு ஆபரேட்டரையும் ஒருநாள் கூப்பிட்டு, உங்கள் கேப்டனை எப்படித் தடுக்கிறீர்கள் என்று கேட்கலாம். வண்டிச் செலவு மட்டும்தான்.

சித்தியின் ஸ்கேன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. இந்தமுறை கட்டில் கம்பியில் ஓர் அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள்: ‘என்.பி.ஓ.’ என்று ஆங்கில எழுத்தில். வாய்வழி எதுவும் தரக்கூடாது என்பதற்கு மருத்துவமனைச் சுருக்கம். சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மருமகளிடம் என்னவென்று கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. துடைக்க வந்த ஆயாதான் சொன்னார், “சாப்பிடக் கூடாதுன்னு அர்த்தம்மா.” அதற்குப் பிறகு ஸ்கேன் அறைக்குக் கூப்பிடும்வரை, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்த எல்லோரிடமும், டாக்டர், நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்கு இட்லி கொண்டுவந்த பையன் உட்பட, சித்தி சொல்லிக்கொண்டே இருந்தார்: “நான் இன்னும் சாப்பிடல. எனக்கு ஊசி போட்டுடாதீங்க.”